எண் அட்டையில் இல்லை

பட்டன் போனை விட்டு ஸ்மார்ட்போனுக்கு மாறுகிறவர் முதலில் தடுக்கி நிற்கும் இடம் சிம் ட்ரேதான். பல ஆண்டுகளாகப் பழைய போனின் பேட்டரிக்கு அடியில் அசையாமல் கிடந்த சிம் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. புதிய போனின் ட்ரேயில் இருக்கும் பள்ளமோ சுண்டுவிரல் நகத்தளவு. மொபைல் கடையில் கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "கட் பண்ணிப் போட்டுத் தர்றேன், அஞ்சு நிமிஷம்" என்பது ஒன்று. "ஆதார் எடுத்துட்டு ஷோரூமுக்குப் போங்க, டூப்ளிகேட் சிம் தருவாங்க" என்பது மற்றொன்று. கேட்பவருக்கு இரண்டும் ஒரே வேலையை முடிக்கும் இரு வழிகளாகத் தோன்றும். ஆனால் முதல் வழியில் பிளாஸ்டிக் மட்டும் குறைகிறது. இரண்டாவதில் அட்டைக்குள் இருக்கும் ரகசியமே மாறுகிறது.

இந்த வேறுபாட்டைப் பொறுமையாகப் புரிந்துகொள்வது நல்லது. வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு இணைப்பு, ஓய்வூதியம் என்று ஒரு குடும்பத்தின் பாதி வாழ்க்கை ஒரு பத்து இலக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெரியவர்களுக்காக இந்த மாற்றத்தைச் செய்துகொடுக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்ன நடக்கிறது என்று தெரிந்து செய்தால், அந்தப் பெரியவர்கள் ஒரு நாள்கூடத் தவிக்க நேராது.

முதலில் அளவைப் பார்ப்போம். 1991ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரத்து நிறுவனமான கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட், பின்லாந்தின் ரேடியோலின்யா என்ற தொலைபேசி நிறுவனத்துக்கு முதல் 300 சிம் அட்டைகளை விற்றது. அன்றைய சிம் இன்றைய ஏடிஎம் அட்டையின் அளவு: 85.6 மில்லிமீட்டர் நீளம், ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் அகலம். காரில் பொருத்திய போனுக்கும் தோளில் மாட்டும் போனுக்கும் அது பொருந்தியது. கையடக்கப் போன்கள் வந்ததும் அந்த அட்டையில் தங்க நிறத் தகடு இருக்கும் மூலையை மட்டும் 25க்கு 15 மில்லிமீட்டராக ஒடித்தெடுக்கும் வடிவம் பரவியது. 1995இல் இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கி, சென்னையில் ஸ்கைசெல்லும் ஆர்பிஜி செல்லுலாரும் கடை விரித்த காலம் தொட்டுப் பல ஆண்டுகளுக்கு நம் வீடுகளில் சிம் என்றால் இதுதான். இன்றும் இதை எல்லோரும் சாதாரண சிம் அல்லது பெரிய சிம் என்கிறார்கள். அதன் முறையான பெயர் மினி சிம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

அடுத்து வந்த மைக்ரோ சிம், 15க்கு 12 மில்லிமீட்டர். அதற்கான அளவுகள் முன்பே வகுக்கப்பட்டிருந்தாலும், 2010இல் ஐபேடும் ஐபோன் 4உம் அதைக் கேட்ட பிறகுதான் மக்கள் கைக்கு வந்தது. 2012 ஜூன் மாதம் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்சி நானோ சிம்முக்கு ஒப்புதல் தந்தது: 12.3க்கு 8.8 மில்லிமீட்டர். அந்த ஒப்புதல் சண்டையில்லாமல் வந்துவிடவில்லை. ஆப்பிள் ஒரு வடிவத்தை முன்வைத்தது. நோக்கியாவும் மோட்டோரோலாவும் பிளாக்பெர்ரி தயாரிப்பாளரும் எதிரணியில் நின்றன. விவாதத்தில் அடிபட்ட கேள்விகளில் ஒன்று மிக எளியது. புதிய சின்ன அட்டையை யாராவது தெரியாமல் பழைய மைக்ரோ பள்ளத்தில் திணித்தால் அது உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளுமா? பொறியாளர்கள் இதற்காக மாதக்கணக்கில் மோதிக்கொண்டது எனக்கு மிகவும் மதிப்புக்குரிய செயலாகப் படுகிறது. கோடிக்கணக்கான விரல்கள் அவசரத்தில் செய்யப்போகும் காரியத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

முதல் சிம்மின் பரப்போடு ஒப்பிட்டால் நானோ சிம் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இந்தச் சுருக்கம் முழுவதும் பிளாஸ்டிக்கில் நிகழ்ந்தது. வேலை செய்யும் பகுதி தொடக்கத்திலிருந்தே தங்க நிறத் தகட்டின் நடுவில், அதற்கு அடியில் ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் சிலிக்கான் துண்டுதான். மேலே தெரியும் தகடு சில கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒன்று மின்சாரம் தர, ஒன்று தரையிணைப்பு, ஒன்று மீளத் தொடங்கவைக்க, ஒன்று கடிகாரத் துடிப்பு தர, ஒன்று தகவல் போய்வர. கட்டங்களின் இடமும் வரிசையும் பெரிய அட்டையிலும் சின்ன அட்டையிலும் ஒன்றே. அதனால்தான் பெரிய சிம்மை வெட்டினாலும் வேலை செய்கிறது. போன் தயாரிப்பாளர்கள் சிறிய அட்டையை விரும்பிய காரணமும் இங்கேதான் இருக்கிறது: போனுக்குள் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் பேட்டரிக்கும் கேமராவுக்கும் வேண்டும், ஒன்றும் செய்யாத பிளாஸ்டிக்குக்கு அங்கே இடம் தருவானேன்?

அந்தச் சிலிக்கான் துண்டுக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயத்தின் முழு எடையும் இருக்கிறது. பெரும்பாலோர் "என் நம்பர் சிம்முக்குள் இருக்கிறது" என்று நினைக்கிறார்கள். சிம் என்பது தகவலைப் போட்டு வைக்கும் வெறும் டப்பா என்ற எண்ணமும் உண்டு. உண்மையில் அது ஒரு மிகச் சிறிய கணினி. அதற்கென்று செயலி உண்டு, நினைவகம் உண்டு, இயங்குதளம் உண்டு. அதில் மூன்று விஷயங்கள் முக்கியமானவை.

முதலாவது, அட்டையின் வரிசை எண். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் 19 அல்லது 20 இலக்க எண் இதுதான். 89 என்ற தொடக்கம் இது தொலைத்தொடர்பு அட்டை என்பதைக் காட்டும். அடுத்த 91 இந்தியா. இது பிளாஸ்டிக்கையும் சிலிக்கானையும் சேர்த்துக் குறிக்கும் அடையாளம். இரண்டாவது, சந்தாதாரரின் அடையாள எண், 15 இலக்கம். இந்தியாவில் இது 404 அல்லது 405 என்று தொடங்கும். அதற்கடுத்த இலக்கங்கள் நிறுவனத்தையும் வட்டத்தையும் சொல்லும். டவரிடம் பேசும்போது போன் தன்னைச் சொல்லிக்கொள்வது இந்த எண்ணால்தான். நீங்கள் நண்பருக்குச் சொல்லும் பத்து இலக்க எண்ணுக்கு அந்தப் பேச்சில் வேலையே இல்லை. மூன்றாவது, 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண். இதன் பிரதி உலகத்தில் இரண்டு இடங்களில் மட்டும் இருக்கும்: ஒன்று அட்டைக்குள், மற்றொன்று நிறுவனத்தின் மையக் கணினியில்.

அந்த ரகசிய எண்ணின் அழகு அது ஒருபோதும் வெளியே வராது என்பதில் இருக்கிறது. போன்கூட அதைப் படிக்க முடியாது. நெட்வொர்க் ஒவ்வொரு முறையும் தற்செயலாக ஒரு பெரிய எண்ணைத் தேர்ந்து அனுப்புகிறது. அட்டை அந்த எண்ணையும் தன் ரகசியத்தையும் சேர்த்துத் தனக்குள்ளேயே கணக்கிட்டு விடையை மட்டும் வெளியே தருகிறது. மையக் கணினியும் அதே கணக்கைப் போடுகிறது. இரண்டு விடையும் ஒன்றானால் உள்ளே அனுமதி. இடையில் ஒட்டுக்கேட்பவருக்குக் கேள்வியும் விடையும் கிடைக்கும்; ஆனால் அவற்றிலிருந்து ரகசியத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த முறை கேள்வியும் வேறாக இருக்கும்.

முடியாது என்று சொன்னதில் வரலாற்றில் ஒரு விரிசல் உண்டு. அந்தக் கணக்குக்குப் பல நிறுவனங்கள் காம்ப்128 என்ற முறையைப் பயன்படுத்தின. அதன் விவரங்களை ரகசியமாகவும் வைத்திருந்தன. 1998 ஏப்ரலில் அமெரிக்காவில் மார்க் பிரிசெனோ, இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் ஆகியோர் அந்த முறையின் பலவீனத்தை வெளிக்கொண்டுவந்தார்கள். அட்டை கையில் கிடைத்தால், அதனிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு, சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் ரகசியத்தைப் பெற்றுவிடலாம் என்று காட்டினார்கள். பழைய சிம்மை நகலெடுக்க முடியும் என்ற பேச்சு பரவியதற்கு வேர் இதுதான். பின்னால் வந்த அட்டைகளில் வலுவான முறைகள் வந்துவிட்டன. ஆனால் இன்னும் பட்டன் போனில் கிடக்கும் மிகப் பழைய அட்டை எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சரி, பத்து இலக்க எண் எங்கே இருக்கிறது? நிறுவனத்தின் மையப் பதிவேட்டில். இந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் இந்தச் சந்தாதார அடையாளத்துக்கு அனுப்பு என்று ஒரு வரி அங்கே இருக்கிறது. குடும்பம் வேறு தெருவுக்குக் குடிபோனாலும், பெயரைப் பார்த்தே புதிய வீட்டில் கடிதத்தைச் சேர்க்கும் ஊர்த் தபால்காரர் செய்வதைத்தான் அந்தப் பதிவேடு செய்கிறது. ஷோரூமில் புதிய சிம் வாங்கும்போது, உங்கள் எண்ணைப் பழைய அட்டையிலிருந்து புதிய அட்டைக்கு யாரும் பெயர்த்து எழுதுவதில்லை. புதிய அட்டையில் ஏற்கனவே வேறொரு அடையாளமும் வேறொரு ரகசியமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பதிவேட்டில் அந்த ஒரு வரி திருத்தப்படுகிறது. அந்தக் கணத்திலிருந்து பழைய அட்டை அந்த எண்ணுக்கு அந்நியம். பழைய போனில் சிக்னல் போய்விடும். புதிய போனில் சிறிது நேரத்திலோ சில மணி நேரத்திலோ வரும். பழைய போனில் டவர் மறைந்ததைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. வேலை முறையாக நடக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இதைப் புரிந்துகொண்டால் வெட்டுவதா, மாற்றுவதா என்ற கேள்விக்கு அடிப்படை கிடைத்துவிடும்.

வெட்டினால் அடையாளமும் ரகசியமும் அப்படியே இருக்கும். பதிவேட்டில் எதுவும் மாறாது. சேவை ஒரு நிமிடம்கூட நிற்காது. அதன் கவர்ச்சி அதில்தான் இருக்கிறது. கடைகளில் இருக்கும் சிம் கட்டர், ஸ்டேப்ளர் போன்ற இரும்புக் கருவி. சரியாக வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் பெரிய சிம் மைக்ரோவாகவோ நானோவாகவோ வந்து விழும். பெரியதை மைக்ரோவாக்குவதில் பெரிய ஆபத்தில்லை. ஓரத்துப் பிளாஸ்டிக்தான் போகிறது. நானோவாக்குவதில் இரண்டு சிக்கல்கள். பழைய அட்டைகளில் தகடே பெரியது. வெட்டுக் கோடு தகட்டின் மேலேயே விழும். நடுவில் இருக்கும் சிலிக்கானிலிருந்து தகட்டின் கட்டங்களுக்குத் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் போகின்றன. வெட்டும் அழுத்தத்தில் அட்டை வளைந்து அவற்றில் ஒன்று அறுந்தால் கதை முடிந்தது. மேலும் முறையான நானோ சிம்மில் தகட்டைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பு உண்டு. தகடு பள்ளத்தின் உலோகத்தில் பட்டு மின்கசிவு ஏற்படாமல் அது காக்கிறது. வெட்டிய அட்டையில் பல நேரம் அந்த விளிம்பு இருக்காது.

இரண்டாவது சிக்கல் தடிமன். முந்தைய எல்லா சிம்களும் 0.76 மில்லிமீட்டர். நானோ 0.67. வித்தியாசம் 0.09 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத இந்த அளவு ட்ரேக்குத் தெரியும். தடித்த அட்டையோடு ட்ரேயை உள்ளே தள்ளினால் மேலே இருக்கும் நுண்ணிய ஸ்பிரிங் ஊசிகள் அளவுக்கு மீறி அழுந்துகின்றன. அதனால்தான் கடைக்காரர்கள் வெட்டிய அட்டையின் பின்புறத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தருகிறார்கள். அனுபவமுள்ள கை அதை நன்றாகவே செய்யும். ஆனாலும் சில நூறு ரூபாய்கூட ஆகாத ஒரு அட்டையை மிச்சப்படுத்த, பல ஆயிரம் ரூபாய் போனின் ஊசிகளைப் பணயம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊசி வளைந்தால் மாற்ற வேண்டியது போனின் பலகையோடு சேர்ந்த உறுப்பு.

எதிர்த்திசையில் போகும் அடாப்டருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சின்ன சிம்மைப் பெரிய பள்ளத்தில் உட்காரவைக்கும் பிளாஸ்டிக் சட்டம் அது. சிம் இல்லாமல் வெறும் சட்டத்தை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு இழுத்தால், ஊசிகள் ஓட்டையில் கொக்கி போட்டுக்கொண்டு சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சிம் சட்டத்தில் உறுதியாக உட்கார்ந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

வெட்டுவதற்கு எதிரான பெரிய காரணம் கத்தரியில் இல்லை, அட்டையின் வயதில் இருக்கிறது. 2ஜி காலத்து சிம்மில் சோதனை ஒருபக்கமானது. நெட்வொர்க் அட்டையைச் சோதிக்கும். அட்டை நெட்வொர்க்கைச் சோதிக்காது. யாராவது போலி டவர் ஒன்றை வைத்து "நான்தான் உன் நிறுவனம்" என்றால் பழைய அட்டை நம்பிவிடும். 3ஜியோடு வந்த யுசிம் என்னும் புதிய தலைமுறையில் சோதனை இருபக்கமாயிற்று. நெட்வொர்க் அனுப்பும் கேள்வியோடு ஒரு முத்திரையும் வரும். தன் ரகசியத்தை வைத்து அந்த முத்திரை உண்மைதானா என்று அட்டை பார்க்கும். பொருந்தாவிட்டால் பேச மறுக்கும். 4ஜி இதை மட்டுமே ஏற்கிறது. ஆகவே 2ஜி சிம்மை எவ்வளவு நேர்த்தியாக வெட்டிப் புதிய போனில் போட்டாலும் அதில் 4ஜி வராது. போன் புதிது, டவர் பக்கத்தில், இணையம் மட்டும் நகரவில்லை என்று தவிக்கும் பலருக்குக் காரணம் இதுதான். இன்னும் பழையதாக, 5 வோல்ட்டில் மட்டும் இயங்கும் அட்டையாக இருந்தால் இன்றைய போன் அதை அடையாளம்கூடக் காணாது. இன்றைய போன்கள் தருவது 3 அல்லது 1.8 வோல்ட். மாறாக, 4ஜி சிம் வைத்திருப்பவர்கள் ஏர்டெல்லிலும் ஜியோவிலும் 5ஜிக்கென்று அட்டை மாற்ற வேண்டியதில்லை. 5ஜி வேண்டுமானால் சிம்மை மாற்றியே ஆக வேண்டும் என்று யாராவது போனில் வற்புறுத்தினால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

ஆகவே பெரிய சிம் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை: மாற்றுங்கள், வெட்டாதீர்கள். மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. ஷோரூமில் நின்றுகொண்டு நினைவுக்கு வந்தால் காலம் கடந்திருக்கும்.

முதலாவது, எண் யார் பெயரில் இருக்கிறது என்பது. அம்மாவின் எண் மாமா பெயரில் இருக்கும். கிராமத்தில் பலரின் எண் அன்றைக்கு சிம் விற்ற கடைக்காரர் எழுதிய ஏதோ ஒரு பெயரில் இருக்கும். காலமான அப்பாவின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் எண்களும் உண்டு. மாற்று சிம் பெற ஆதார் வழியாக விரல்ரேகையோ முகப்படமோ சரிபார்க்கப்படும்போது பதிவில் உள்ளவர் நேரில் நிற்க வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் முதலில் உரிமை மாற்றம், அதன்பிறகே சிம். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருவர் பெயரில் பொதுவாக 9 இணைப்புகள் வரை அனுமதி உண்டு. தெரியாத எண் அதில் இருந்தால் அங்கேயே புகார் தரலாம்.

அடுத்தது, தொடர்புகள். பட்டன் போனில் பெயர்களைச் சேமிக்கும்போது அவை சிம்மிலா, போனிலா என்று யாரும் கவனித்ததில்லை. சிம்மில் பெரும்பாலும் 250 பெயர்கள் வரை இடம் உண்டு. ஒரு பெயருக்கு ஒரே எண். பெயரின் நீளத்துக்கும் கட்டுப்பாடு. தமிழில் எழுதினால் ஒவ்வொரு எழுத்துக் குறியும் இரட்டை இடம் பிடிப்பதால் "பெரியகுளம் சித்தப்பா" பாதியில் நின்றுவிடுவார். புதிய அட்டை காலியாக வரும். பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தும் நிறுவனத்தால் உங்கள் பெயர்ப் பட்டியலைத் தர முடியாது. அது அவர்களிடம் எப்போதும் இருந்ததில்லை. எனவே பழைய போனில் இருக்கும் பெயர்களை முதலில் பழைய சிம்முக்கு நகலெடுங்கள். பழைய அட்டையை எந்தக் காரணம் கொண்டும் ஷோரூமில் விட்டு வராதீர்கள். டவரோடு உறவு அறுந்தாலும் அதன் நினைவகம் அழிவதில்லை. பொருந்தும் பள்ளமுள்ள ஏதாவது ஒரு போனில் போட்டுப் பெயர்களைப் படித்து, புதிய போனுக்கோ கூகுள் கணக்குக்கோ மாற்றிக்கொள்ளலாம். பொருந்தும் போன் கிடைக்காவிட்டால் இப்போது தாராளமாக வெட்டலாம். சேவை அதில் இல்லை. உடைந்தால் இழப்பு பெயர்கள் மட்டுமே, அவற்றுக்கும் முதலில் ஒரு தாளில் எழுதிவைத்த பட்டியல் இருந்தால் கவலையில்லை. எல்லாம் முடிந்த பின் தகட்டின் நடுவே கத்தரியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட வேண்டும். பெயர்களும் பழைய குறுஞ்செய்திகளும் அதில் இருக்கின்றன.

மூன்றாவது, நாள் தேர்வு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் குறுஞ்செய்தி வரவும் போகவும் கூடாது என்று 2022இல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அழைப்பு வரும், இணையம் வரும், ஓடிபி வராது. புதிய போன் என்பதால் யுபிஐ செயலிகளை மீண்டும் பதிவுசெய்ய வேண்டியிருக்கும். அந்தப் பதிவே போனிலிருந்து வங்கிக்கு ஒரு குறுஞ்செய்தி போவதால்தான் நடக்கிறது. அதுவும் அந்த ஒரு நாள் நடக்காது. மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, ரயில் டிக்கெட் எடுக்க வேண்டிய காலை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள், இவற்றைத் தவிர்த்து ஒரு நிதானமான நாளைத் தேர்ந்தெடுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பைப் புதிய போனில் திறக்க அழைப்பு வழியாகவும் சரிபார்க்கலாம் என்பதால் அது காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த 24 மணி நேரத் தடை வீண் தொல்லை என்று பலர் கோபப்படுகிறார்கள். அது ஏன் வந்தது என்று தெரிந்தால் கோபம் தணியும். பதிவேட்டில் ஒரு வரி திருத்தப்படுவதுதான் சிம் மாற்றம் என்று பார்த்தோம். அந்த வரியை உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் திருத்தவைத்தால் என்னவாகும்? உங்கள் எண்ணுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அவர் கையில் இருக்கும் அட்டைக்குப் போகும். உங்கள் போன் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கும். யாரும் எதையும் திருடியிருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் கடையில் காலி சிம் வாங்கி, அதன் பின்புறத்து 20 இலக்க எண்ணைச் சொந்த எண்ணிலிருந்து குறுஞ்செய்தியாக அனுப்பினாலே மாற்றம் நடந்துவிடும் வசதி இருந்தது. மோசடிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்கள் சிம் இன்றோடு நின்றுவிடும், நான் சொல்லும் எண்ணை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று அன்பாகப் பேசுவார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் கையில் இருக்கும் காலி அட்டையின் வரிசை எண். பெரியவர் நம்பி அனுப்புவார். தன் எண்ணைத் தானே அடுத்தவர் அட்டையோடு கட்டிக் கொடுத்திருப்பார். குறுஞ்செய்தியை ஒரு நாள் நிறுத்தினால், சிக்னல் போனதைக் கவனித்து உண்மையான உரிமையாளர் விழித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. தொலைந்த அல்லது பழுதான சிம்முக்குப் பதிலாகப் புதியது வாங்கியவர் ஏழு நாள் கழித்தே வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றக் கேட்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நடைமுறைப்படுத்திய விதியும் இதே நோக்கம் கொண்டதுதான்.

எனவே வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இரண்டு. சிம்மின் பின்புறத்து எண்ணையோ, யாராவது சொல்லும் 20 இலக்க எண்ணையோ எவர் கேட்டாலும் அனுப்பக் கூடாது. நாம் எதுவும் செய்யாமலே போனில் சிக்னல் திடீரென்று போய், மற்றவர்களின் போனில் அதே நிறுவனத்தின் டவர் நன்றாக இருந்தால், நாளை பார்க்கலாம் என்று விடக் கூடாது. இன்னொரு போனிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழைக்க வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930.

புதிய சிம் கைக்கு வரும்போது பூட்டுக் குறியீடு ஒன்றும் கூடவே வரும். போனின் அமைப்பில் சிம் பூட்டைப் போட்டுவைத்தால், போன் திருடுபோனாலும் திருடன் அட்டையைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்க முடியாது. மூன்று முறை தவறாகப் போட்டால் அட்டை பூட்டிக்கொள்ளும். அட்டையோடு வந்த உறையில் இருக்கும் அல்லது நிறுவனம் தரும் எட்டு இலக்கத் திறப்புக் குறியீட்டால் திறக்கலாம். அதையும் பத்து முறை தவறவிட்டால் அட்டை நிரந்தரமாகப் போய்விடும். மறதியுள்ளவர்களுக்கு இந்தப் பூட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்ற எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

இனி அட்டையே வேண்டாம் என்னும் இ-சிம். போனின் பலகையிலேயே பதித்த சில மில்லிமீட்டர் சில்லுக்குள் நிறுவனம் அடையாளத்தையும் ரகசியத்தையும் காற்றுவழியே இறக்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2022இல் விற்கப்பட்ட ஐபோன் 14இல் சிம் ட்ரேயே இல்லை. இந்தியாவிலும் இ-சிம் கிடைக்கிறது. அடிக்கடி வெளிநாடு போகிறவர்களுக்கு அது பெரும் வசதி. திருடன் அதைக் கழற்றி எறிய முடியாது என்பதும் நல்ல விஷயம். ஆனாலும் ஊரில் தனியாக இருக்கும் பெரியவருக்கு இன்னும் சில காலம் கையில் எடுக்கும் அட்டையே நல்லது என்பது என் கணிப்பு. போன் கிணற்றடியில் தண்ணீரில் விழுந்து அணைந்துபோனால், அட்டையைத் துடைத்துப் பக்கத்து வீட்டு போனில் போட்டு அடுத்த நிமிடமே மகளை அழைக்கலாம். இ-சிம்மை அணைந்த போனிலிருந்து யாராலும் எடுக்க முடியாது.

அந்தப் பக்கத்து வீட்டு போன் பழைய பட்டன் போனாக இருந்தால் அதன் பள்ளம் பெரியது. இன்று தரப்படும் புதிய சிம்கள் பெரும்பாலும் மூன்று அளவுக்கும் ஒடித்தெடுக்கும் கோடுகளோடு வருகின்றன. நானோவை ஒடித்தெடுத்ததும் மிஞ்சும் இரண்டு பிளாஸ்டிக் சட்டங்களையும் எல்லோரும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அவற்றையும் ட்ரே திறக்கும் ஊசியையும் ஒரு சிறிய உறையில் போட்டு, போன் வந்த பெட்டிக்குள் வைத்து, பெட்டி எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.